தூக்கக் கடன்: ‘பழகிப்போச்சு’ என்று சொல்வதில் உள்ள சிக்கல்

சில வருடங்களுக்கு முன் தொடர்ந்து இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்து, சேமித்துவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் திறந்து பார்த்தால் மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதன்பின் ‘னனனனன’ என்று ஏழெட்டு வரி. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வாக்கியம் ஆரம்பிக்கிறது. விசைமேல் விரல் இருந்தபடியே தூங்கியிருக்கிறேன். விழித்து, எதையும் கவனிக்காமல் மேற்கொண்டு அடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது வந்து “கண் அசந்துட்டியா?” என்று கேட்டிருந்தால், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

தூக்கம் குறைந்தவருக்குத் தன் நிலைமை தெரியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஞாபக மறதி என்று தூக்கக் குறைவின் விளைவுகளை வரிசையாகச் சொல்கிறவர்கள் இதைக் கடைசியில் சொல்வார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். எனக்கென்னவோ இதுதான் முதலில் வர வேண்டும் என்று படுகிறது. மற்றதையெல்லாம் படிக்கும்போது, “இது அடுத்தவங்களுக்கு, எனக்கு அஞ்சு மணி நேரம் போதும், பழகிப்போச்சு” என்று நினைத்துக்கொண்டுதானே நாம் படிக்கிறோம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தூக்கமின்மை என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். விளக்கை அணைத்தாயிற்று, நேரமும் இருக்கிறது, ஆனால் புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை, இது ஒன்று. தூக்கம் கண்ணைக் கட்டுகிறது, ஆனால் படுக்க நேரமில்லை, அல்லது மனசில்லை, இது இன்னொன்று. முதலாவது ஒரு நோய், அதற்கு வைத்தியம் இருக்கிறது. இரண்டாவதைத் தூக்கக் குறைவு என்று சொல்வோம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. தலையணையில் தலை பட்டதுமே தூங்கிவிடுவேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். போதுமான அளவு தூங்குகிறவருக்குக் கண்ணயரப் பத்து, இருபது நிமிடமாவது ஆகும். படுத்த நொடியே தினமும் தூங்கிப்போகிறவர் பழைய பாக்கி வைத்திருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

தூக்கம் எப்படி வருகிறது

தூக்கத்தை இரண்டு சக்திகள் ஆள்கின்றன என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். இன்றைக்கும் தூக்க ஆய்வாளர்கள் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலாவது, தூக்க அழுத்தம். விழித்திருக்கும்போது மூளையின் உயிரணுக்கள் ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. காலையில் எழுந்த நிமிடத்திலிருந்து இது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. கூடக் கூட, விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் மூளைப் பகுதிகள் மந்தமாகின்றன, கண் சொக்குகிறது. தூங்கும்போது இந்த அடினோசின் குறைந்துவிடும். எட்டு மணி நேரம் தூங்கினால் கணக்கு ஏறக்குறைய நேராகும். ஐந்து மணி நேரத்தில் எழுந்தால் மீதியோடுதான் அடுத்த நாள் ஆரம்பிக்கிறது.

காப்பி செய்யும் வேலை இங்கே புரியும். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடங்களில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அடினோசின் எங்கேயும் போவதில்லை, வெளியே வரிசையில் காத்துக்கொண்டிருக்கிறது. கஃபீன் எழுந்து போனதும் மொத்தமாக உள்ளே நுழைகிறது. காப்பியின் தெம்பு இறங்கும்போது தலை இன்னும் கனமாக இருப்பது இதனால்தான். குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டாவது சக்தி, உடல் கடிகாரம். இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. பகல் எது இரவு எது என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து, முக்கியமாகக் காலை வெளிச்சத்தை வைத்து, அது தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியதும், இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. உடல் வெப்பத்தைக் குறைக்கிறது. விடியப்போகும்போது மறுபடி எல்லாவற்றையும் ஏற்றுகிறது. உயிரணுவுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

விடிய விடிய விழித்தவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒரு புதிர் விடுபடும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கு உயிர் போகிற மாதிரி தூக்கம் வரும். எப்படியோ தாக்குப்பிடித்து எட்டு, ஒன்பது மணி ஆனால் தெம்பு வந்துவிடும். “தூக்கமே கலைஞ்சுபோச்சு, இனி ராத்திரி பாத்துக்கலாம்” என்று தோன்றும். கலைந்தது எதுவும் இல்லை. அழுத்தம் அதே இடத்தில், இன்னும் சொன்னால் கூடுதலாக இருக்கிறது. கடிகாரம் காலை ஆகிவிட்டது என்று விழிப்பை முடுக்கிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். மத்தியானம் அந்த முடுக்கம் லேசாகத் தளர்ந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிவோம்.

ஆறு மணி நேரத்துக்கும் எட்டு மணி நேரத்துக்கும் நடுவில்

தூக்கம் ஒரே சீரான மயக்கம் இல்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நாலைந்து சுற்று ஓடுகிறது. கனவுத் தூக்கத்தை ரெம் தூக்கம் என்பார்கள். மூடிய இமைக்குள் கண்கள் விறுவிறுவென்று ஓடுவதைக் கவனித்து, 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அதை உலகுக்குச் சொன்னார்கள். அதுவரை தூக்கம் என்றால் மூளை சும்மா கிடக்கும் நேரம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும் அப்போதுதான். விடியும் நேரத்துச் சுற்றுகளில் கனவுத் தூக்கம் அதிகம். இதனால் பதினொரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழ வேண்டியவர் ஐந்து மணிக்கே அலாரம் வைத்து எழுந்தால், இழந்தது கால் பங்குத் தூக்கம்தானே என்று கணக்குப் போட முடியாது. கனவுத் தூக்கத்தில் கால் பங்குக்கும் மேல் அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் இருந்தது. அன்றைக்குப் படித்ததைப் பதியவைப்பது, மனசைப் பாதித்த விஷயங்களை ஆறவைப்பது போன்ற வேலைகளில் கனவுத் தூக்கத்துக்குப் பங்கு உண்டு.

எவ்வளவு நேரம் தேவை? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று அமெரிக்காவின் இரண்டு தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-இல் சேர்ந்து சொன்னதுதான் இன்றைக்கும் பொதுவான அளவுகோல். பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அந்த வயதில் உடல் கடிகாரமே தள்ளிப்போகிறது. இரவு பதினொன்றுக்கும் அவர்களுக்குத் தூக்கம் வராதது முழுக்கச் சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. வயதானால் தூக்கம் தேவையில்லை என்பதும் சரியல்ல. தேவை லேசாகத்தான் குறைகிறது. தொடர்ச்சியாகத் தூங்கும் திறன்தான் அதிகம் குறைகிறது.

பதினான்கு நாள், ஆறு மணி நேரம்

‘பழகிப்போச்சு’ என்பதற்கு நேரடியாகப் பதில் சொன்ன ஒரு சோதனையை மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன், டிங்கஸ் குழுவினர் செய்து 2003-இல் வெளியிட்டது.

ஆரோக்கியமான 48 பேர். ஒரு பிரிவுக்குத் தினமும் எட்டு மணி நேரம் படுக்கை, ஒரு பிரிவுக்கு ஆறு, ஒரு பிரிவுக்கு நான்கு. இப்படி இரண்டு வாரம். இன்னொரு பிரிவுக்கு மூன்று நாள் பொட்டுத் தூக்கம் கிடையாது. எல்லோரும் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார்கள். யாரும் திருட்டுத்தனமாகக் கோழித்தூக்கம் போட முடியாது.

பகலில் பல முறை அவர்களுக்கு ஒரு பரீட்சை. பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு திரை. இரண்டு முதல் பத்து வினாடி இடைவெளியில், எப்போது என்று சொல்ல முடியாதபடி, திரையில் எண்கள் ஓட ஆரம்பிக்கும். கண்ட உடனே பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடம் இதே வேலை. நன்றாகத் தூங்கியவர் கால் வினாடி போல எடுத்துக்கொள்வார். அரை வினாடிக்கு மேல் போனால் அது ‘தவறல்’. சில சமயம் ஆள் திரையைப் பார்த்தபடியே இருப்பார், எண் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் அசையாது.

எட்டு மணி நேரம் தூங்கியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. ஆறு மணி நேரப் பிரிவில் தவறல்கள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயின. இரண்டு வாரம் முடியும்போது, ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களோடு அவர்களை ஒப்பிடும் நிலை. நான்கு மணி நேரப் பிரிவு, இரண்டு இரவு தொடர்ந்து தூங்காதவர்களின் நிலைக்குப் போய்விட்டது. ஏறுவது எங்கேயும் நிற்கவில்லை என்பதுதான் விஷயம். உடம்பு பழகியிருந்தால் ஏதோ ஒரு நாளில் கோடு மட்டமாகியிருக்க வேண்டுமே.

ஆனால் ஒரு கோடு மட்டமானது. “இப்போது எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது?” என்று கேட்டதற்கு அவர்கள் தந்த மதிப்பெண்! முதல் சில நாள் கொஞ்சம் ஏறி, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. பதினான்காவது நாள் அவர்களைப் பொறுத்தவரை லேசான அசதி, அவ்வளவுதான். பழகிப்போனது தூக்கக் கலக்கத்தின் உணர்வு. மூளையின் வேகம் பழகவில்லை. எனக்கு இந்த ஆய்வைப் படித்ததும் அந்த ‘ன’ வரிகள்தான் ஞாபகம் வந்தன.

ஐந்து மணி நேரமே தூங்கி நன்றாக இருக்கிறவர்கள் உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். குறைந்த தூக்கம் போதுமானதாக இருக்கும் ஒரு குடும்பத்தில், அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2009-இல் கண்டறியப்பட்டது. பிறகு வேறு சிலவும் தெரியவந்தன. ஆனால் அது மிக அரிது. அப்படிப்பட்டவர்கள் விடுமுறையிலும் ஐந்து மணி நேரத்தில் தானாக எழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

நாலு வினாடி

என் விரல் விசையில் நின்றதற்குக் குறுந்தூக்கம் என்று பெயர் சொல்லலாம். வினாடியின் ஒரு பகுதியிலிருந்து பத்துப் பதினைந்து வினாடி வரை மூளை துண்டித்துக்கொள்கிறது. கண் திறந்தே இருக்கலாம். என் விஷயத்தில் ஓர் அறிக்கைதான் கெட்டது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. நாலு வினாடி என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஓட்டுநர் இல்லாமல். தூங்கிவிட்டு மோதும் விபத்துகளில் பிரேக் பிடித்த தடம் பெரும்பாலும் இருக்காது என்பதற்கு இதுதான் காரணம்.

குடித்துவிட்டு ஓட்டுவதைத் தவறு என்று சொல்ல நாம் யோசிப்பதில்லை. டாசன், ரீட் என்ற இருவர் 1997-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்தவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்தது. பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் போட்டிருக்கும் எல்லையே அதுதான். 24 மணி நேரம் ஆனபோது 0.10 சதவீதத்துக்குச் சமம். காலை ஆறுக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் என்பது இரவு பதினொன்று. அசாதாரணமான நேரமே இல்லை.

கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது இரண்டும் சில நிமிடத்துக்கு மேல் உதவாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு காப்பியைக் குடித்துவிட்டு உடனே பதினைந்து, இருபது நிமிடம் கண்ணை மூடுவது உண்மையிலேயே வேலை செய்கிறது. கஃபீன் ஏற அரை மணி நேரம் பிடிக்கும். எழும்போது இரண்டும் ஒன்றாகக் கைகொடுக்கும். அதுவும் தற்காலிகம்தான், வீடு போய்ச் சேரும்வரை.

உடம்புக்குள்

சர்க்கரையிலிருந்து ஆரம்பிக்கலாம். 1999-இல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரமே தூங்கவிட்டார்கள். ரத்தத்தில் செலுத்திய குளுக்கோஸை அவர்கள் உடல் அப்புறப்படுத்திய வேகம் கணிசமாகக் குறைந்தது. நீரிழிவின் ஆரம்ப நிலையில் காண்பதைப் போன்ற மாற்றம். நல்ல ஆரோக்கியத்தில் இருந்த இளைஞர்களுக்கு, ஒரே வாரத்துக்குள். தூங்கவிட்டதும் சரியாகிவிட்டது என்பது ஆறுதல். இது வருடக்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு அதிகம்.

பசியும் மாறுகிறது. அதே குழுவினரின் 2004 ஆய்வில், இரண்டு இரவு நான்கு மணி நேரம் தூங்கிய 12 பேருக்குப் போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசிக்கிறது என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இந்த ஹார்மோன் கணக்கு பிறகு வந்த எல்லா ஆய்விலும் இப்படியே வரவில்லை. ஆனால் தூக்கம் குறைந்தவர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள், அதிலும் இனிப்பு, எண்ணெய் என்று தேடிப்போகிறார்கள் என்பது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இரவு ஒரு மணிக்கு அலமாரியைத் துழாவும் கைக்கு மனஉறுதி இல்லை என்று திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தக் குழாய்களுக்கு அதுதான் ஓய்வு. தூக்கம் குறைந்தால் அந்த ஓய்வும் குறைகிறது. பதற்றத்துக்கான நரம்பு மண்டலம் இரவிலும் தளராமல் இருக்கிறது. தொடர்ந்து குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் காணப்படுகின்றன. அமெரிக்க இதய சங்கம் இதய நலத்துக்கான தன் பட்டியலில் உணவு, உடற்பயிற்சி, புகைபிடிக்காமை ஆகியவற்றோடு 2022-இல் தூக்கத்தையும் சேர்த்துக்கொண்டது.

நோய் எதிர்ப்புச் சக்திக்கு வந்த சோதனை கொஞ்சம் கொடூரமானது, ஆனால் நேரடியானது. ஷெல்டன் கோஹன் குழுவினர் 153 பேரின் தூக்கத்தை இரண்டு வாரம் குறித்துவைத்துவிட்டு, அப்புறம் அவர்கள் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுவிட்டார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, எட்டும் அதற்கு மேலும் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வெளியான ஆண்டு 2009. தடுப்பூசியிலும் இதுபோல்தான். நான்கு மணி நேரத் தூக்கத்தில் வைத்து ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களுக்குப் பத்து நாள் கழித்து இருந்த எதிர்ப்புப் புரதம், ஒழுங்காகத் தூங்கியவர்களின் அளவில் பாதிகூட இல்லை.

மனசைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தூங்காத குழந்தையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரியவர்களும் அதேதான், அழாமல் சிடுசிடுக்கிறோம். ஓர் இரவு தூங்காதவர்களுக்குச் சங்கடமான படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அதை அடக்கிவைக்க வேண்டிய முன்மூளையோடு இருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவு இரு பக்கமும் ஓடும். மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் மனச்சோர்வைக் கிளப்பும்.

தூங்கும்போது மூளை தன்னைக் கழுவிக்கொள்கிறது என்று ஒரு செய்தி எங்கும் சுற்றுகிறது. 2013-இல் எலிகளில் செய்த ஆய்விலிருந்து வந்தது அது. தூங்கும் எலியின் மூளையில் உயிரணுக்களுக்கு நடுவே உள்ள இடம் விரிந்து, திரவம் புகுந்து கழிவுகளை அகற்றுகிறது என்றார்கள். அழகான கருத்து. ஆனால் இதற்கு முரணான முடிவுகளும் எலிகளிலேயே வந்திருக்கின்றன, விவாதம் முடியவில்லை. தூங்காவிட்டால் மறதி நோய் வந்துவிடும் என்று இதை வைத்துப் பயமுறுத்துகிறவர்களை நான் அப்படியே நம்புவதில்லை. மேலே சொன்ன நீண்டகால நோய்க் கணக்குகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு வேறு கஷ்டங்களும் இருக்கலாம், நோயே தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். ஆறு நாளில் சர்க்கரை மாறியது போன்ற நேரடிச் சோதனைகள் கூடவே இருப்பதால்தான் தூக்கத்தின்மேல் பழி போட முடிகிறது.

முழுக்கத் தூங்காமலே இருந்தால்? 1964 ஜனவரியில் சான் டியாகோவின் 17 வயது மாணவர் ராண்டி கார்ட்னர் பள்ளி அறிவியல் போட்டிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், விழித்திருந்து முடித்தார். எரிச்சல், மறதி, இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வந்தன. பிறகு சுமார் 14 மணி நேரம் தூங்கி எழுந்தார். கின்னஸ் நிறுவனம் ஆபத்து கருதி இந்த வகைச் சாதனையைப் பதிவதை நிறுத்திவிட்டது. ஆய்வுக்கூட எலிகளை முழுதாகத் தூங்கவிடாமல் வைத்தபோது அவை சில வாரங்களில் இறந்துபோயின.

கடனை அடைக்க முடியுமா

வாரம் முழுக்க ஐந்து மணி நேரம், சனி ஞாயிறு அடித்துப்போட்டதுபோல் தூக்கம். பலருடைய திட்டம் இதுதான். என் திட்டமும் வெகுநாள் இதுவாகத்தான் இருந்தது. அசதி குறைகிறது என்பது உண்மை. ஆனால் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2019-இல் இதையே செய்துபார்த்தார்கள். வார இறுதியில் இஷ்டப்படி தூங்கிவிட்டு மறுபடி ஐந்து மணி நேரத்துக்குத் திரும்பியவர்களின் உடம்பில் இன்சுலின் வேலை செய்யும் திறன் மீளவில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஞாயிறு பதினொரு மணிக்கு எழுந்தால் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும். அன்றிரவு தூக்கம் வராது. திங்கள்கிழமையே கடனோடு ஆரம்பிக்கும். ஒரே நாளில் மொத்தமாக அடைப்பதைவிட, தினமும் அரை மணி, முக்கால் மணி முன்னால் படுப்பது பலன் தருகிறது.

இரவுப் பணியாளர்களிடம் சீக்கிரம் படு என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்கள் கடிகாரத்துக்கு எதிராகவே தூங்க வேண்டியிருக்கிறது. பகல் தூக்கம் பெரும்பாலும் குறைவாகவும் துண்டு துண்டாகவும்தான் அமையும். கடிகாரம் குலையும் இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வைத்தது, 2019-இல் மறுபடி உறுதிசெய்தது. நேரப் பட்டியலைப் போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பணியாளர் கையில் இருப்பது கொஞ்சம்தான்: வீடு திரும்பும்போது கண்ணில் வெயில் படாமல் பார்த்துக்கொள்வது, அறையை நன்றாக இருட்டாக்குவது, பணிக்கு முன் ஒரு குட்டித் தூக்கம்.

மற்றவர்களுக்கு என் சிபாரிசில் முதலிடம் படுக்கும் நேரத்துக்கு அல்ல, எழும் நேரத்துக்கு. விடுமுறையிலும் ஏறக்குறைய அதே நேரம் எழுந்து, காலை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் கடிகாரம் தானாக ஒழுங்குக்கு வரும். கைபேசியில் நீல வெளிச்சத்தைவிடப் பெரிய வில்லன், ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று அடுத்ததைக் காட்டும் வித்தை. மது தூங்கவைக்கும் என்பது பாதி உண்மை. கண்ணயரவைத்துவிட்டு இரவின் இரண்டாம் பாதியைக் கலைத்துப்போடும். படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுக்கலாம்.

வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாகத் தூக்கம் வராமல் தவிப்பவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல. தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சி. எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் தூங்கி வழிகிறவர், பக்கத்தில் படுப்பவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: “நான் குறட்டை விடுறேனா, நடுவில் மூச்சு நின்னு திணறுறேனா?” ஆமாம் என்றால் அது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். இரவில் பல முறை மூச்சு தடைப்பட்டு, தெரியாமலே விழித்து விழித்துத் தூங்குகிறார்கள். இவர்களுக்கு எவ்வளவு நேரம் படுக்கையில் இருந்தும் பயனில்லை. சிகிச்சை எடுத்தால் நன்றாக மாறுகிறது. இதையும் படுத்திருப்பவர் கண்டுபிடிக்க முடியாது, கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. நீண்ட விடுமுறை கிடைக்கும்போது அலாரம் வைக்காமல், தினமும் ஒரே நேரத்தில் படுத்து, தானாக எழும் நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் மூன்று நான்கு நாள் ஒன்பது, பத்து மணி நேரம்கூடப் போகும். அது பழைய பாக்கி, கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்குப் பிறகு எந்த எண்ணில் போய் நிற்கிறதோ, அதுதான் உங்களுடையது. எனக்கு ஏழே முக்காலில் நின்றது. ஆறு போதும் என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.